கருவில் இதயத்தைக் கட்டுவது யார்? காரணிகளா, நொதிகளா?

வைகைக்கரை:
கரு உண்டாகி சுமார் 22ஆம் நாள் இதயம் துடிக்க ஆரம்பிக்குது. அதை நடத்துறது ஜிஏடிஏ4, டிபிஎக்ஸ்5, என்கேஎக்ஸ்2-5 மாதிரி படியெடுப்புக் காரணிகள், அதாவது டிஎன்ஏவில் உட்கார்ந்து மரபணுக்களை இயக்குற புரதங்கள். பழ ஈயில் என்கேஎக்ஸ்2-5க்கு இணையான டின்மேன் மரபணு இல்லேன்னா இதயமே உருவாகாது. டிஎன்ஏ சுத்திக்கிட்டிருக்கிற புரதம் ஹிஸ்டோன்; அதுல வேதிக் குறிகளை ஒட்டுற, எடுக்கிற ஹிஸ்டோன் நொதிகள் எல்லாச் செல்லிலும் கிடக்கிற சித்தாள். கொத்தனார் அந்தக் காரணிகள்தான்.

ஆய்வகஎலி:
எல்லா இடத்திலும் இருந்தா எல்லா இடத்திலும் ஒரே விளைவா? கபுகி நோய்க்குறிங்கிற பிறவிக் கோளாறைப் பாருங்க. ஹிஸ்டோனில் மெத்தில்ங்கிற வேதிக் குறியை ஒட்டுற கேஎம்டி2டி நொதியோட மரபணுவில் ஒரு பிரதி கெட்டாலே போதும். இதயக் கோளாறு வர்ற குழந்தைகள்ல இடப்பக்க அடைப்பு, குறிப்பா பெருந்தமனிச் சுருக்கம், தூக்கலாத் தெரியுது. 2013இல் நேச்சர்ல வந்த ஆய்வில், கடுமையான பிறவி இதயக் கோளாறுள்ள 362 குழந்தைகளையும் பெற்றோரையும் ஒப்பிட்டாங்க. பெற்றோரிடம் இல்லாத புதுப் பிறழ்வுகள் ஹிஸ்டோனை மாற்றும் மரபணுக்கள்ல குவிஞ்சிருந்துச்சு.

வைகைக்கரை:
அதே ஆய்வு, புதுப் பிறழ்வுகள் காரணமாவது சுமார் 10 சதவீதத்துலதான்னு சொல்லுது. ஹிஸ்டோனில் இருந்து அசிட்டைல்ங்கிற குறியை எடுக்கிற நொதிகள்தான் எச்டிஏசி. எலி இதயத்தில் எச்டிஏசி1 நொதியை மட்டும் நீக்கினாங்க, ஒண்ணும் ஆகலை. எச்டிஏசி2 மட்டும் நீக்கியும் அப்படியே.

ஆய்வகஎலி:
அந்த 2007 ஆய்வைப் பாதியில நிறுத்திட்டீங்களே! ரெண்டையும் சேர்த்து நீக்கின குட்டிகள் பிறந்த கொஞ்ச நாள்லயே செத்துப்போச்சு. துடிப்பு தாறுமாறு, இதயம் விரிஞ்சு பலவீனம், அதுக்கு மேல எலும்புத் தசையோட மரபணுக்கள் இதயத்துல கிளம்பிடுச்சு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்குதுன்னா ரெண்டும் தேவையில்லைன்னு அர்த்தமா?

செம்பருத்தி:
மருந்து கோணமும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கிற வால்ப்ரோயேட் எச்டிஏசி நொதிகளைத் தடுக்கும். கர்ப்பத்தில் எடுத்தா தண்டுவடக் குறை, இதயக் குறை ரெண்டும் வரலாம். (இதைப் படிச்சிட்டு யாரும் தானா மாத்திரையை நிறுத்தாதீங்க, மருத்துவரிடம் பேசுங்க.)

வைகைக்கரை:
வால்ப்ரோயேட் ஃபோலேட்ங்கிற வைட்டமினையும் குழப்பும். அதை வச்சு நொதி மேல பழி போட முடியாது.

ஆய்வகஎலி:
அப்போ சுத்தமான சோதனை. ஹிஸ்டோனில் அசிட்டைல் ஒட்டுற பி300 புரதத்தை அப்படியே விட்டுட்டு, அந்த ஒட்டுற திறனை மட்டும் கெடுத்தாங்க. அந்த எலிக் கருக்களோட இதயமும் நுரையீரலும் சிறுகுடலும் சரியா வளரலை.

வைகைக்கரை:
நுரையீரல், சிறுகுடல்! நான் சொன்னதுதானே, இதயத்துக்குன்னு தனியா எதுவும் இல்லை.

ஆய்வகஎலி:
உங்க டிபிஎக்ஸ்5 கெட்டா ஹோல்ட்-ஓரம் நோய்க்குறி. அதுல கட்டைவிரலும் முன்கையும் கோணலாகும். அதுவும் சித்தாளா?

வைகைக்கரை:
டிபிஎக்ஸ்5 டிஎன்ஏ வரிசையைத் தானே அடையாளம் கண்டு போய் உட்காரும். கேஎம்டி2டிக்கு அந்தப் பார்வை கிடையாது. இதயச் செல்லில் அதைச் சரியான மரபணுகிட்ட கூட்டிட்டுப் போறது யாருன்னு சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.