ஸ்டார்ட் பண்ணினால் ஸ்பீக்கரில் 'ஊய்ங்' சத்தம்: டைனமோவை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

திருச்சி_டீசல்:

வணக்கம். 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் பாட்டுப் பைத்தியம் போல. டாஷ்போர்டில் 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட், டிரைவர் சீட்டுக்குக் கீழே 4 சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), டிக்கியில் ஆம்ப் உள்ளேயே இருக்கிற சப்வூஃபர் என்று எல்லாம் அவர் போட்டது.

இன்ஜினை அணைத்துவிட்டு சாவியை மட்டும் திருப்பிப் பாட்டுக் கேட்டால் சுத்தமாக இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணியதும் நான்கு கதவு ஸ்பீக்கரிலும் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம். ரேஸ் கொடுத்தால் சுருதி ஏறுகிறது, காலை எடுத்தால் இறங்குகிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் அதே அளவுதான். ஹெட்லைட், ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும். சப்பில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

கடையில் காட்டியதும் செட்டுக்குப் போகிற பவர் வயரில் ஒரு நாய்ஸ் ஃபில்டர் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை. இப்போது டைனமோவில் டயோடு போயிருக்கும், டைனமோவையே மாற்றுங்கள் என்கிறார்கள். பேட்டரி நன்றாகத்தான் சார்ஜ் ஆகிறது. அவ்வளவு பணத்தைப் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன். கையில் ஒரு சின்ன மஞ்சள் மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே வைத்து எதை அளப்பது என்று சொன்னால் அளந்துவிடுவேன்.

பழைய_வயர்மேன்:

தம்பி, டைனமோவுக்கு இப்போதே போகாதீர்கள்.

டைனமோ என்று நாம் சொல்கிற ஆல்டர்னேட்டரிலிருந்து வழுவழுப்பான டிசி எந்த வண்டியிலும் வராது. உள்ளே உண்டாவது மூன்று ஃபேஸ் ஏசி கரண்ட், அதாவது திசை மாறிக்கொண்டே இருக்கும் கரண்ட். அதை ஆறு டயோடு சேர்ந்து டிசி ஆக்கும்போது மேலே சின்ன அலை மிஞ்சும். ஐடிலில் 800 ஆர்பிஎம், புல்லி விகிதம் 2.5 என்று வைத்தால் டைனமோ நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும். அதற்குள் சாதாரணமாக 12 காந்த முனைகள் இருக்கும், அதாவது சுற்றுக்கு 6 அலை, ஒவ்வோர் அலைக்கும் 6 மேடு. கணக்குப் போட்டால் வினாடிக்கு 1200. உங்கள் காதில் விழுகிற விசில் அதுதான். ரேஸ் கொடுத்தால் ஏறுவதும் அதனால்தான். சப் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தோடு மேலே உள்ளதை வெட்டிவிடும், ஆகவே அதில் கேட்காது. டயோடு ஒன்று போயிருந்தால் விசிலோடு ஐடிலில் 200 ஹெர்ட்ஸ் அளவில் கட்டைக் குரலில் ஓர் உறுமலும் சேரும். நீங்கள் அப்படி எதையும் சொல்லவில்லை.

ஆக, அந்த அலை இருக்கத்தான் செய்யும். அது பாட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று பார்க்க வேண்டும். வால்யூம் பூஜ்யத்திலும் சத்தம் குறையவில்லை என்றால் செட்டின் வால்யூமைத் தாண்டிய பிறகுதான் நுழைகிறது: செட்டின் பின்பக்க அவுட்புட், அங்கிருந்து ஆம்ப்புக்குப் பாட்டு சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர், ஆம்ப், இவற்றில் ஏதோ ஓர் இடம். செட்டுக்கு வரும் பவரில் ஃபில்டர் போட்டுப் பயன் இல்லாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி மூன்று வேலை செய்யுங்கள். ஒன்று, இன்ஜின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் அளவு பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் டைனமோ நன்றாக இருக்கிறது. 0.5ஐத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். அப்புறம், செட்டை அணைத்துவிட்டு ஆம்ப்பில் செருகியிருக்கும் ஆர்சிஏ எல்லாவற்றையும் உருவிவிட்டு, மறுபடி செட்டை ஆன் பண்ணிக் கேளுங்கள். கடைசியாக, ஆம்ப்பில் செட்டுக்குப் பதிலாக உங்கள் போனை நேரடியாகச் செருகிப் பாருங்கள். 3.5 மில்லிமீட்டர் டு ஆர்சிஏ வயர் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். போன் சார்ஜரில் இருக்கக் கூடாது, அது முக்கியம்.

திருச்சி_டீசல்:

நன்றி அண்ணா. ஆனால் முதல் சோதனையிலேயே பயந்துவிட்டேன். பேட்டரியில் ஏசி 31 வோல்ட் காட்டுகிறது! டிசியில் 14.2 சரியாக இருக்கிறது. டைனமோ காலியா?

மற்ற இரண்டும்: ஆர்சிஏவை உருவினால் நிசப்தம். போனைச் செருகினால் பாட்டு சுத்தம், ரேஸ் கொடுத்தாலும் விசில் இல்லை.

கொங்கு_ஓட்டுநர்:

ப்ரோ, அப்போ விடை கிடைத்துவிட்டதே. போனில் சுத்தமாக இருக்கிறது என்றால் ஆம்ப்பும் அதன் எர்த்தும் (வண்டியின் பாடியோடு சேரும் மைனஸ் இணைப்பு) ஓகே. செட்தான் மோசம். மாற்ற மனம் இல்லை என்றால் ஆர்சிஏ நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இரண்டு இடத்து எர்த்தால் வரும் சத்தத்தைத் தடுப்பது) ஒன்று போடுங்கள், சில நூறு ரூபாய்தான். என் வண்டியில் அப்படித்தான் தீர்ந்தது.

சாலிடர்_புகை:

முதலில் அந்த 31 வோல்ட். உங்கள் மஞ்சள் மீட்டர் ரகத்தில் ஏசி அளவுக்கு உள்ளே ஒரே ஒரு டயோடு போட்டிருப்பார்கள். வீட்டு கரண்டை அளக்க அது போதும். ஆனால் சுத்தமான டிசியை வைத்தால் அதையும் ஏசி என்று நினைத்து ஏறத்தாழ 2.2 மடங்காகக் காட்டும். 14.2ஐ 2.2ஆல் பெருக்கிப் பாருங்கள், 31 வந்துவிடும். சிவப்பு, கறுப்பு இரண்டையும் மாற்றிப் பிடித்தால் பூஜ்யம் காட்டும், சந்தேகம் இருந்தால் செய்து பாருங்கள். இந்தச் சோதனைக்கு அந்த மீட்டர் உதவாது, நல்ல மீட்டர் ஒன்று இரவல் வாங்குங்கள். இதே அளவைப் பார்த்துவிட்டு நல்ல டைனமோவைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

அடுத்து, கொங்கு நண்பர் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. போன் தன் சொந்த பேட்டரியில் ஓடுகிறது, வண்டியின் பாடியோடு அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆம்ப்பின் எர்த் எவ்வளவு மோசமாக இருந்தாலும் போன் அதோடு சேர்ந்து மிதக்கும், சத்தம் வராது. பவர் வயர் வழியாக ஆம்ப்புக்குள் சத்தம் வரவில்லை என்பது வரைக்கும்தான் அந்தச் சோதனை சொல்லும். செட்டும் ஆம்ப்பும் வேறு வேறு இடத்தில் எர்த் ஆகி, இரண்டுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால், போன் சோதனையில் பாஸ் ஆகி செட்டை மாட்டியதும் விசில் வரும்.

எர்த்தை ஓம்ஸில் அளக்காதீர்கள், சாதா மீட்டரில் 0.5 ஓமுக்குக் கீழே வரும் எதையும் நம்ப முடியாது. வோல்ட் டிராப், அதாவது அந்த இணைப்பில் எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் ஓடட்டும், ஹெட்லைட் போடுங்கள், பாட்டைச் சத்தமாக வையுங்கள். மீட்டர் டிசியில். கறுப்பை நீள வயர் வைத்து பேட்டரி மைனஸில், சிவப்பை ஆம்ப்பின் எர்த் ஸ்க்ரூவில். 0.1க்கு மேல் காட்டினால் அங்கே வேலை இருக்கிறது.

ஐசொலேட்டரைப் பற்றி: அதற்குள் இருப்பது ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சுற்றிய குட்டி டிரான்ஸ்ஃபார்மர். சத்தம் போகும், மலிவான சரக்கு என்றால் பேஸும் கொஞ்சம் கூடவே போகும். தவிர, எர்த் சூடாகிக்கொண்டிருந்தால் அது வெளியே தெரியாமல் மறைந்துவிடும். அதை இப்போது போட வேண்டாம்.

நெல்லை_ஹேட்ச்பேக்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே விசில், ஆனால் ஆக்ஸ் வயரில் போனைப் போட்டு அதே போனை சார்ஜரிலும் போட்டால் மட்டும். புளூடூத்தில் இல்லை. ஆம்ப் எல்லாம் கிடையாது, கம்பெனி செட்தான்.

பழைய_வயர்மேன்:

உங்களுடையது எளிது. சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆக்ஸ் வழியாக இன்னோர் எர்த், போன் நடுவில் மாட்டிக்கொள்கிறது. சார்ஜரை உருவினால் போகும். இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்றால் ஆக்ஸில் அந்த ஐசொலேட்டரைப் போடுங்கள், இந்த இடத்துக்கு அதுதான் சரி. இல்லையா, புளூடூத்திலேயே கேளுங்கள். எஃப்எம்மில் மட்டும் கரகரப்பு வந்தால் அது வேறு கதை: டேஷ்கேம் சார்ஜர், எல்இடி பல்பு இவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

திருச்சி_டீசல்:

தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் நல்ல மீட்டர் வாங்கி அளந்தேன். பேட்டரியில் ஏசி 0.03 வோல்ட். டைனமோ தப்பித்தது.

ஆனால் ஆம்ப் எர்த்தில் 0.5க்கும் 0.7க்கும் இடையில் ஆடுகிறது, பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஏறுகிறது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், சீட் ரெயில் போல்ட்டில் பெயிண்ட்டுக்கு மேலேயே லக்கை (எர்த் வயரின் உலோக முனை) வைத்து முறுக்கியிருக்கிறார்கள். லக்கைச் சுற்றிக் கறுத்திருக்கிறது.

சாலிடர்_புகை:

அதே. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள், ஆர்சிஏவையும் உருவிவிடுங்கள், பிறகு எர்த்தில் கை வையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பவர் இருக்கும்போது எர்த் மட்டும் கழன்றால், ஆம்ப் இழுக்கிற கரண்ட் ஆர்சிஏவின் வெளி வலை வழியாக செட்டுக்குள் திரும்பிப் போகப் பார்க்கும்.

சீட் போல்ட், சீட் பெல்ட் போல்ட் இரண்டும் வேண்டாம். அவை விபத்தில் உயிரைத் தாங்க வேண்டியவை, நடுவில் லக்கை நுழைத்தால் பிடிமானம் கெடும். கதவு ஓரக் கார்பெட்டுக்குக் கீழே கம்பெனியே பாடியில் போட்ட எர்த் போல்ட் இருக்கும். அதைச் சுற்றி உப்புத்தாளால் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் துரு வராது. எர்த் வயர் பவர் வயரின் தடிமனிலேயே இருக்கட்டும், நீளம் அரை மீட்டருக்குள். புதிதாக ஓட்டை போடுவதாக இருந்தால் அடியில் டீசல் பைப், பிரேக் பைப் போகிறதா என்று குனிந்து பார்க்காமல் டிரில்லைத் தொட வேண்டாம்.

திருச்சி_டீசல்:

செய்துவிட்டேன். டிராப் இப்போது 0.04. பேஸ் முன்பைவிடக் கனமாக வருகிறது, அது கூடுதல் லாபம். ஆனால் விசில் குறைந்திருக்கிறதே தவிரப் போகவில்லை. ஏறக்குறைய பாதி.

ஆர்சிஏ வயர் பவர் வயரோடு ஒரே பக்கத்தில் போகிறதோ என்றும் பார்த்தேன். பவர் இடது ஓரம், ஆர்சிஏ வலது ஓரம். அதில் குறை இல்லை.

பழைய_வயர்மேன்:

அப்படியானால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. செட்டை வெளியே இழுத்து, ஆர்சிஏவை உருவிவிட்டு, மீட்டரை பீப்பில் (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து, செட்டின் பின்னால் இருக்கும் ஆர்சிஏவின் வெளி வளையத்துக்கும் செட்டின் தகரப் பெட்டிக்கும் நடுவே பாருங்கள். பவர் ஆஃபில். பல செட்டுகளில் பீப் அடிக்கும். சிலவற்றில் வேண்டுமென்றே சின்ன ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள், சில பத்து ஓம்ஸ் காட்டினால் பயம் இல்லை. ஒன்றுமே காட்டாமல் திறந்து கிடந்தால் உள்ளே சர்க்யூட் போர்டில் இருக்கும் நூல் போன்ற டிராக்கோ குட்டி ஃபியூஸோ எரிந்துவிட்டது என்று அர்த்தம்.

திருச்சி_டீசல்:

பீப் இல்லை! ஓம்ஸிலும் எதுவும் காட்டவில்லை. முன் ஜோடி, பின் ஜோடி வளையங்கள் ஒன்றோடொன்று பீப் அடிக்கின்றன, பெட்டியோடு மட்டும் இல்லை.

பழைய_வயர்மேன்:

பிடித்துவிட்டோம். பாட்டு சிக்னல் போய்த் திரும்ப இரண்டு வழி வேண்டும். நடுக் கம்பி போகிற வழி, வெளி வலை திரும்புகிற வழி. திரும்பும் வழி செட்டுக்குள் அறுந்துவிட்டதால் சிக்னல் வண்டியின் பாடியைச் சுற்றிக்கொண்டு வருகிறது. டைனமோ, ஹெட்லைட், ஏசி எல்லாவற்றின் கரண்ட்டும் திரும்புகிற அதே தகரம். அங்கே உள்ள சில மில்லிவோல்ட் அலையையும் சேர்த்து ஆம்ப் பெருக்கித் தருகிறது. ஹெட்லைட் போட்டால் சத்தம் கூடியதும் இதனால்தான்.

எப்படி எரிந்தது? அந்த எர்த் போல்ட் எப்போதாவது தளர்ந்திருக்கும், இல்லையென்றால் யாரோ பவரை அணைக்காமல் ஆர்சிஏவைச் செருகியிருப்பார்கள். எதுவானாலும் இப்போது தெரிந்துகொண்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை.

ஒரு துண்டு வயரை எடுத்து ஒரு முனையை ஆர்சிஏ வளையத்தில் சுற்றி, மறுமுனையை செட்டின் பெட்டி ஸ்க்ரூவில் மாட்டிக் கேளுங்கள்.

திருச்சி_டீசல்:

போயே போய்விட்டது! 3000 ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுத்துப் பார்த்தேன், காதை ஸ்பீக்கரில் வைத்தாலும் விசில் இல்லை. வயரைக் கழற்றினால் வருகிறது, மாட்டினால் போகிறது. இரண்டு பேருக்கும் பெரிய நன்றி.

இன்னும் இரண்டு கேள்வி. இந்த வயரை இப்படியே விடலாமா? காதை மிகப் பக்கத்தில் வைத்தால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கிறது, இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி. அது என்ன?

சாலிடர்_புகை:

வயரைச் சுற்றி மட்டும் விட்டால் குலுங்கிக் கழன்றுவிடும். ஆர்சிஏ வளையத்தில் சாலிடர் வைத்து, மறுமுனைக்கு ஒரு லக் போட்டுப் பெட்டி ஸ்க்ரூவில் முறுக்குங்கள். செட்டைப் பிரித்து உள்ளே சரி செய்வதைவிட இது பத்திரம்.

'ஸ்ஸ்' ஆம்ப்பின் கெயின் அதிகம் என்பதற்கு அடையாளம். கெயின் திருகு வால்யூமுக்கு அல்ல, செட் தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்பைப் பொருத்துவதற்கு. அதை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். செட்டின் வால்யூமை முக்கால்வாசி வையுங்கள், ஈக்வலைசரை நேராக வையுங்கள். பழகிய பாட்டு ஒன்றைப் போட்டு, குரல் கரகரக்கத் தொடங்கும் வரை கெயினை ஏற்றி அங்கிருந்து ஒரு சின்னத் திருப்பம் இறக்குங்கள்.

திருச்சி_டீசல்:

கெயின் முழுசாக ஏற்றி வைத்திருந்தது. இறக்கியதும் 'ஸ்ஸ்' கேட்கவே இல்லை. செட் பவர் வயரில் கடைக்காரர் போட்ட நாய்ஸ் ஃபில்டரைக் கழற்றிவிடலாமா?

பழைய_வயர்மேன்:

கழற்றிவிடுங்கள். அதன்மேல் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது பாருங்கள், செட் இழுப்பதைவிடக் குறைவு என்றால் வெயில் காலத்தில் டாஷ்போர்டுக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். கழற்றிய இடத்தில் வயரைச் சாலிடர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். வெறும் டேப் சுற்றினால் பசை உருகிக் கழன்றுவிடும். ஃபில்டருக்கு முன்னால் ஃபியூஸ் ஏதாவது போட்டிருந்தால் அதை மட்டும் எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.