பழைய ஸ்லெட்டுக்குப் புதுப் பின் சஸ்பென்ஷன்: போட்டு ஓடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சட்பரி, ஒன்ராறியோ

ஸ்லெட்டுக்கு, அதாவது பனியில் ஓடும் ஸ்னோமொபைலுக்கு, வெளிக் கம்பெனி பின் சஸ்பென்ஷன் வாங்கிப் போட்டவர்களின் அனுபவங்களை நிறைய வாசித்திருப்பீர்கள். முக்கால்வாசி ஒரே மாதிரித்தான் இருக்கும். "வேறு வண்டி ஓடுவது போல இருக்கிறது, இவ்வளவு காலம் ஏன் போடாமல் இருந்தேன்" என்று எழுதுவார்கள். நான் அதை முழுதாக நம்புவதில்லை. அவர்கள் எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பல ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, எண்ணெய் கறுத்து, உள்ளே அடைத்த நைட்ரஜன் போய், புஷ் (மூட்டுக்குள் இருக்கும் உறை) எல்லாம் தேய்ந்த ஷாக்கோடு. அதைக் கழற்றிவிட்டு எந்தப் புதுச் சாமானைப் பூட்டினாலும் சொர்க்கமாகத்தான் தெரியும்.

அதனால் நான் முதலில் வண்டியோடு வந்த பழையதையே ஒழுங்காக்கினேன். இரண்டு ஷாக்கையும் கழற்றிக் கொடுத்து, எண்ணெயும் சீலும் மாற்றி, நைட்ரஜன் ஏற்றி வாங்கினேன். சஸ்பென்ஷனை வண்டியோடு இணைக்கும் முன் ஆர்ம், பின் ஆர்ம் இரண்டிலும் புது புஷ். என் எடைக்குப் பின்பக்க டோர்ஷன் ஸ்பிரிங் (முறுக்கு ஸ்பிரிங்) போதாது. ஒரு படி தடித்த கம்பியில் செய்ததைப் போட்டேன். அப்படியே ஒரு சீசன் ஓடினேன். புதியது அதற்கு அடுத்த சீசன்தான். வண்டி 600 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், 121 அங்குல ட்ராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை). சஸ்பென்ஷன் எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், அது ஒரு வண்டியில் ஒருவன் கண்டது மட்டும்தான்.

இந்த வேலையில் இறங்க வைத்தது என் நாரி, அதாவது கீழ் முதுகு. இரவில் குரூமர் (பாதையைச் சமன் செய்யும் இயந்திரம்) ஓடி, குளிரில் இறுகிய பாதை காலையில் வடிவாக இருக்கும். மத்தியானத்துக்குள் எத்தனையோ வண்டிகள் போய்விடும், பிறகு பாதை முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள். பழைய ரெயில் பாதைகளில் இன்னும் மோசம். நேர்கோடு என்பதால் எல்லாரும் ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு போகிறார்கள். ஒன்ராறியோ ட்ரெயிலில் சட்டப்படி வேகம் 50 கி.மீ.தான். (சரி, சரி. நானும் உங்களோடுதானே ஓடுகிறேன்.) அந்த 50இலேயே நாரி எழும்பி நின்று கத்தும்.

பூட்டும் வேலை ஒரு சனிக்கிழமைக்குள் முடியும் என்கிறார்கள். வண்டிக்கென்றே அளவெடுத்து வந்த கிட் என்றால் முடியலாம். எனக்கு வந்ததில் பின் ஆர்முக்குப் புதிய ஓட்டை போட வேண்டியிருந்தது.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. பின் பம்பரில் கொக்கி மாட்டி வண்டியைத் தூக்கி, பின் அச்சின் நட்டை இளக்கி, ட்ராக்கின் இழுவையைத் தளர்த்த வேண்டும். அடுத்தது டோர்ஷன் ஸ்பிரிங்கின் கால்களைத் தாங்கியிலிருந்து இறக்குவது. அதற்கென்று ஒரு கொக்கி விற்கிறார்கள். ஸ்க்ரூட்றைவரால் நெம்புகிறவர்கள் தங்கள் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். பிறகு டனலின், அதாவது ட்ராக்குக்கு மேல் கவிழ்ந்திருக்கும் உலோகக் கூட்டின், பக்கத்துக்கு இரண்டாக நாலு போல்ட். எதிரெதிராக உள்ள இரண்டு போல்ட்டும் ஒரே தண்டின் இரு முனையில் இருக்கின்றன. ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டால் மறுபக்கம் தண்டும் சேர்ந்து சுற்றும், போல்ட் வராது. இரண்டு பக்கத்தையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிவிட்டுத்தான் ஒன்றை எடுக்க வேண்டும்.

மினக்கெட வேண்டிய இடம் ஓட்டை போடுவதுதான். ட்ராக்கைச் சுற்றும் ட்ரைவ் தண்டின் நடு மையத்திலிருந்து பின்னால் இவ்வளவு, கீழே இவ்வளவு என்று அளவு கொடுத்திருப்பார்கள். அளவை இடப்பக்கத்தில் எடுத்து வலப்பக்கத்துக்கு ஊகிக்காதீர்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளந்து, பிறகு ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். வண்டி எப்போதாவது மரத்தில் மோதியிருந்தால் டனல் கொஞ்சம் திருகியிருக்கும், அது இப்போதுதான் தெரியவரும். துளைப்பதற்கு முன் உள்ளே கையை விட்டு, கூலன்ட்டைக் குளிர வைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் எங்கே போகிறது என்று பார்த்துவிடுங்கள். கூலன்ட் ஒழுகினால் அந்தச் சீசன் அதோடு சரி. டனல் மெல்லிய அலுமினியம். ஓட்டையைச் சுற்றித் தகடு வைத்து ரிவெட் அடிக்காமல் விட்டால் மோதல் எல்லாம் அந்த ஒரு இடத்தில் விழுந்து, காலப்போக்கில் கிழிந்துவிடும்.

புதியதை உள்ளே ஏற்றும்போது ராச்சட் பட்டியால் சஸ்பென்ஷனை அமுக்கிக் கட்டிக்கொண்டால் போல்ட் ஓட்டைகள் தானாக நேருக்கு வரும். எல்லாம் பூட்டிய பிறகு ட்ராக்கின் தொய்வைக் கைநூலில் சொன்னபடி எடை தொங்கவிட்டு அளந்து, தரையில் படாமல் தூக்கி மெதுவாகச் சுற்ற வைத்து, இரண்டு ஸ்லைடருக்கும் (ட்ராக் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் பட்டை) ட்ராக் கிளிப்புக்கும் நடுவே இடைவெளி சமமா என்று பார்க்க வேண்டும். அப்போது பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. ஸ்டட் (பிடிப்புக்கான கூர் ஆணி) அடித்த ட்ராக் என்றால் பக்கத்து வீட்டுக்காரனையும் சேர்த்து உள்ளே அனுப்பிவிடுங்கள்.

பூட்டிய அன்றே ஓடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் முதல் அளந்தது அமர்வை, அதாவது ஏறி உட்கார்ந்தால் பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்பதை. பின் பம்பரைத் தூக்கி ஷாக் முழுதும் நீண்ட நிலையில் தரையிலிருந்து ஓர் அளவு. ஹெல்மெட், பூட்ஸ், முதுகுப் பை எல்லாம் போட்டு ஏறி உட்கார்ந்து இன்னொரு அளவு. வித்தியாசம் மூன்று அங்குலத்துக்குக் கிட்ட வரும்வரை ஸ்பிரிங்கை முறுக்கினேன். இரண்டு ஷாக் தண்டிலும் ஒரு ரப்பர் வளையம் மாட்டினேன். ஓடி முடித்து வந்தால் ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று வளையம் நின்ற இடமே காட்டும். கடைசிவரை போய் முட்டியிருந்தால் ஸ்பிரிங் போதாது. பாதியில் நின்றிருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அசைவில் பாதியை வண்டி தொடவே இல்லை. நாரி பொய் சொல்லும், அன்றைய மனநிலையைப் பொறுத்து. வளையம் பொய் சொல்லாது.

பிறகு முந்திய சீசனில் பழையதோடு ஓடிய அதே துண்டுப் பாதையில், மத்தியான நேரம், அதே வேகத்தில் ஓடினேன். சின்ன மேடுகளில் வித்தியாசம் உண்மையாகவே பெரியது. முன் ஆர்மும் நடு ஷாக்கும் முதல் அடியை வாங்கி, பின்பக்கம் அதற்கேற்ப மடிந்து போகிறது. இருக்கைக்கு வந்து சேர்வது ஒரு மெல்லிய ஆட்டம் மட்டும். பெரிய குழிகளில் அப்படி ஒன்றும் இல்லை. எண்ணெய் மாற்றிய பழைய ஷாக்கும் அதைத் தாங்கியது, இதுவும் தாங்குகிறது.

வளைவில்தான் பிடிக்கவில்லை. முதல் ஓட்டத்தில், வண்டியைத் திருப்பும் முன்பக்க ஸ்கீ இரண்டும் பாரமில்லாமல் மிதந்தன. திருப்பினால் நேரே போகப் பார்த்தது, கொஞ்சம் வேகம் கொடுத்தால் உள்பக்க ஸ்கீ தூக்கியது. லிமிட்டர் பட்டியை (சஸ்பென்ஷனின் முன்பக்கம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டுப்படுத்தும் பட்டி) ஓர் ஓட்டை இறுக்கியதும் முன்பக்கம் அமர்ந்தது, திருப்பமும் வந்தது. அதற்கு விலை இல்லாமல் இல்லை: ஹேன்டில் பாரமாகிவிட்டது, ஒரு நாள் முழுக்க ஓடினால் தோள் சொல்லும். இந்த இடத்தில் ஒன்று. ஸ்கீக்கு அடியில் பனியைப் பிடிக்கும் கார்பைட் முனை தேய்ந்திருந்தாலும் வண்டி இதே மாதிரித்தான் நேரே போகும். பட்டியில் கை வைக்க முன் அதைத் தடவிப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

குறைகள்: மூட்டுகள் கூட, அதனால் கிரீஸ் அடிக்கும் இடங்களும் கூட. நாள் முழுக்கச் சொதசொதப்பில் ஓடி இரவு வெளியே விட்டால், மூட்டுகளுக்குள் புகுந்த பனி கட்டியாகி, காலையில் முதல் கொஞ்சத் தூரம் மரக்கட்டை. ஸ்லைடரின் முன் வளைவும் பழையதைவிடக் கெதியாகத் தேய்கிறது. தரையில் தளர்ந்த பனி குறைந்த நாட்களில் ஸ்க்ராச்சரை (பனியைக் கீறும் கம்பி) இறக்கிவிட்டே ஓடுகிறேன். அது கிளப்பும் பனித்தூள் இல்லாவிட்டால் ஸ்லைடருக்கு ஈரம் இல்லை, சூடாகி உருகும்.

மொத்தத்தில் என் கணக்கு இது. நாரிக்குக் கிடைத்த சுகத்தில் பாதிக்கு மேல் பழையதைப் பழுது பார்த்ததிலேயே கிடைத்துவிட்டது. மிச்சத்துக்கு இரண்டாயிரம் டொலருக்கு மேல் கொடுத்தேன். எனக்குக் கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் வாராவாரம் ஓடுகிறேன். உங்களுக்கு எப்படி?

மொன்றியல்

சட்பரி அண்ணை எழுதியதில் எனக்கு ஒரு முரண்பாடும் இல்லை, ஒரு சேர்க்கை மட்டும். நாங்கள் இரண்டு பேர் ஓடுகிறவர்கள், மனைவி பின்னால். தனி ஆளாக உட்கார்ந்து அமர்வை அளந்து சரிப்படுத்திய வண்டியில் இரண்டாவது ஆள் ஏறினால் பின்பக்கம் அடியில் போய் உட்கார்ந்துவிடும், ஸ்கீ வானத்தைப் பார்க்கும். இரண்டு பேர் ஓடுகிறீர்கள் என்றால் இரண்டு பேராக ஏறி அளந்து, தனியாகப் போகும் நாளுக்கு எவ்வளவு இளக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது வண்டியை விட்டு இறங்கிக் கையால் மாற்றக்கூடிய அமைப்பு உள்ளதா என்று பாருங்கள். சாவி தேடி, பனியில் படுத்து மாற்ற வேண்டியதை ஒருவரும் மாற்ற மாட்டார்கள்.

இன்னொன்று, சும்மா கதைக்கு. வல்கூரில் உள்ள பொம்பார்டியே அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போயிருந்தேன். 1959இல் வெளிவந்த பொம்பார்டியேயின் ஸ்கிடூ வண்டிக்கு ஸ்லைடர் ரெயிலே கிடையாது, ட்ராக்குக்குள் வரிசையாகச் சின்னச் சக்கரங்கள்தான். ரெயில் பரவலாக வந்தது எழுபதுகளில். அதற்குப் பிறகும் வெளியாட்கள் செய்ததைப் பெரிய கம்பெனிகள் எடுத்துக்கொண்டது உண்டு. மினசோட்டா மாநிலம் எவெலத்தில் ஜெரார்ட் கார்பிக் வடிவமைத்த எம்-10 என்ற பின் சஸ்பென்ஷன் வெளிச் சந்தையில் பெயர் எடுத்து, பின்னர் பொலாரிஸ் கம்பெனி தன் சில மாடல்களில் அதையே பூட்டி விற்றது. ஆகவே "வெளிச் சாமான்" என்று முகம் சுளிக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரெவல்ஸ்டோக், பிரிட்டிஷ் கொலம்பியா

நான் மலை ஓட்டுகிற ஆள், அதனால் எங்க கணக்கு வேற. பௌல்டர் மவுண்டன், ஃப்ரிஸ்பி ரிட்ஜ் பக்கம் வந்தால் சின்ன மேடு எல்லாம் பார்க்கிங்கிலிருந்து மேலே போகிற பாதையில் மட்டும்தான். அப்புறம் முழுக்க இடுப்பளவு தூள் பனி. இங்கே பின் சஸ்பென்ஷனை மாற்றுகிறவர்கள் முதுகுக்காக மாற்றுவதில்லை. எடை குறையணும், ட்ராக் பனிக்குள் பள்ளம் தோண்டாமல் மேலே ஏறி மிதக்கணும், செங்குத்தில் ஏறும்போது முன்பக்கம் தலைக்கு மேல் வரக் கூடாது. என் வண்டி 163 அங்குல ட்ராக், மூன்று அங்குலப் பல்.

அண்ணா சொன்ன லிமிட்டர் பட்டி இங்கே உயிர் காக்கிற விஷயம். இளக்கி வைத்தால் சமதளத்தில் ஜாலியாக ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு போகலாம், ஏற்றத்தில் அதுவே வண்டியைப் பின்னால் புரட்டும். நான் புதியது போட்டதும் செய்த முதல் வேலை பட்டியை இறுக்கியதுதான். மற்றபடி நடு ஷாக்கின் ஸ்பிரிங்கை ரொம்ப முறுக்காதீர்கள். முறுக்கினால் ரெயிலின் முன்முனை கீழே குத்திக்கொண்டு நிற்கும், ட்ராக் தட்டையாகப் பனியில் படியாது, பள்ளம் தோண்ட ஆரம்பிக்கும். வண்டி சிக்கியபிறகு தோண்டி எடுக்கிறவர் நீங்கள்தான்.

ஒரு சந்தேகம்: மூட்டில் பனி கட்டியாவதற்கு வழி ஏதாவது கண்டுபிடித்தீர்களா?

பரி, ஒன்ராறியோ

நான் புதுசு. போன மாதம்தான் பழைய வண்டி ஒன்று வாங்கினேன், இந்த வருடம் நாலைந்து வார இறுதி ஓடினால் பெரிது. விற்றவர் "சஸ்பென்ஷன் கொஞ்சம் இறுக்கம்" என்று சொன்னார். நேரே புதியது வாங்கட்டா?

சட்பரி, ஒன்ராறியோ

ரெவல்ஸ்டோக் தம்பிக்கு: ஓடி முடித்ததும், எஞ்சினை நிறுத்திவிட்டு, பின் பம்பரைப் பிடித்து நாலு தரம் தூக்கிப் போட்டால் ஈரப் பனியில் பாதி விழும். இரவு விடும்போது ட்ராக்குக்கும் ஸ்கீக்கும் அடியில் மரத்துண்டு வைப்பேன், தரையோடு ஒட்டாது. குளிருக்கென்று உள்ள கிரீஸ் அடியுங்கள். சாதாரணக் கிரீஸ் இருபத்தைந்து பாகை மைனஸில் மெழுகு.

பரி தம்பிக்கு: வேண்டாம். "இறுக்கம்" என்றால் முதலில் மூட்டுகளில் கிரீஸ் போகிறதா என்று பாருங்கள். பல வருடம் அடிக்காமல் விட்டிருந்தால் தண்டு புஷ்ஷோடு துருப்பிடித்துப் பிடித்திருக்கும், அது ஷாக்கின் குற்றம் இல்லை. போல்ட்டைக் கழற்றி எடுத்துத் துடைத்துப் பூட்டினாலே பாதி இளகும். பிறகு ஷாக்கைத் தனியாகக் கழற்றிக் கையால் அமுக்கிப் பாருங்கள். அமுக்கினால் திரும்ப வராமல் நின்றாலோ, தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தாலோ பழுது பார்க்கக் கொடுங்கள். எல்லா ஷாக்கும் பிரித்துப் பழுது பார்க்கக்கூடியவை அல்ல, கொடுக்க முன் கேட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவும் செய்து ஒரு சீசன் ஓடிவிட்டு வாருங்கள், புதியதைப் பற்றிக் கதைப்போம்.

புதியது வாங்கினாலும் பழையதை விற்றுவிடாதீர்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்க வருகிறவர் முதலில் கேட்பது கம்பெனிச் சாமான் இருக்கிறதா என்றுதான். என்னுடையது கராஜ் மேல் தட்டில் எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.