ஆடி மாசம் முழுக்க வீட்டுச் சாமானை ஸ்டோரேஜ்ல போடணும், எதையெல்லாம் பார்க்கணும்?

தண்டையார்பேட்டை கீதா

வணக்கம். தண்டையார்பேட்டை மெட்ரோ பக்கத்துல லீசுக்கு இருக்கோம். ஆனி கடைசியோட லீஸ் முடியுது. ஓனரோட பொண்ணு குடி வர்றாங்க, அதனால தள்ளிப்போட வழியில்ல. மாதவரத்துல வாங்கியிருக்கிற ஃபிளாட்டுக்கு ஆவணியில சாவி தர்றதா பில்டர் சொல்லியிருக்கார். ஆடியில எப்படியும் பால் காய்ச்ச முடியாது. அதுவரைக்கும் கொளத்தூர்ல நாத்தனார் வீட்டு மாடி ரூம்ல நாங்க நாலு பேரும் தங்கப் போறோம். சாமானுக்கு அங்க இடமில்ல.

மாமியாரோட தேக்கு அலமாரி, இரும்பு பீரோ, கட்டில் மெத்தை, டபுள் டோர் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தையல் மெஷின், பித்தளை அண்டா, பாத்திரம், புத்தகம்னு இருக்கு. ரெண்டு இடம் பார்த்தோம். ஒண்ணு வடபெரும்பாக்கம் பக்கம் பெரிய குடோன், வாடகை கம்மி, சாமானை அவங்களே எடுத்துட்டுப் போய் அடுக்கிடுவாங்க. இன்னொண்ணு கொளத்தூர்ல முதல் மாடியில சின்ன அறை, நம்ம பூட்டு, நம்ம சாவி. ஆனா வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எது சரி? மாமியார் அந்த அலமாரியை நினைச்சே ராத்திரி தூங்க மாட்டேங்கறாங்க.

பெரம்பூர் வாசு

ஸ்டோரேஜே வேணாம்னு தோணுது மேடம். ஆடியில வீடு மாறுற ஆளே இருக்காது, காலியா கிடக்கிற ஒத்தை ரூம், சின்னக் கடை நிறைய கிடைக்கும். ரெண்டு மாச வாடகையை மொத்தமா கொடுக்கிறோம்னு கேட்டுப் பாருங்க, அட்வான்ஸ் இல்லாமலே சிலர் விடுவாங்க. நாத்தனார் வீட்டுத் தெருவுலயே கிடைச்சா இன்னும் நல்லது.

மணலி சேகர்

தங்கச்சி, நான் மணலியில கண்டெய்னர் யார்டுல ரொம்ப வருஷம் சரக்குக் கணக்கு பார்த்தவன். சரக்கு எப்படிக் கெடும்னு தினமும் கண்ணால பார்த்திருக்கேன். அதை வச்சுச் சொல்றேன்.

ஆடியை மட்டும் மனசுல வச்சு இடம் தேடாதீங்க. சாவி ஆவணியைத் தாண்டிப் போச்சுன்னு வைங்க, புரட்டாசியில நம்ம பக்கம் நிறையப் பேர் குடி போக மாட்டாங்க. அப்புறம் ஐப்பசிதான். ஐப்பசின்னா வடகிழக்கு மழை. இப்போ வெயில்ல காய்ஞ்சு கிடக்கிற குடோன் நல்லாத்தான் தெரியும். அடைமழையில அந்த இடத்துல தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு விசாரிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

வடபெரும்பாக்கம்னு படிச்சதும் எனக்கு மனசு கேக்கல. புழல் ஏரியோட உபரித் தண்ணி அந்த வழியாத்தான் மணலிப் பக்கம் போய் கொசஸ்தலை ஆத்துல சேருது. ஏரியைத் திறந்தா ரோட்டு மேலயே தண்ணி ஓடும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ மணலி, எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெய்க் கழிவும் வீட்டுக்குள்ள வந்துச்சு. தண்ணியில நனைஞ்ச மரத்தைக் காய வைக்கலாம். எண்ணெய் ஊறின மெத்தையை வெளியில தூக்கிப் போடறதைத் தவிர வேற வழி கிடையாது.

அந்தப் பக்கம் எல்லாக் குடோனும் மோசம்னு சொல்லல. லாரித் தட்டு உயரத்துக்கு, சுமார் 4 அடி மேடை போட்டுக் கட்டின குடோனும் இருக்கு. நேர்ல போங்க. ஷட்டரோட அடி துருப்பிடிச்சிருக்கா, சுவர்ல முழங்கால் உயரத்துக்குக் கறை இருக்கா, பெயிண்ட் உப்புப் பூத்து உதிருதான்னு பாருங்க. புதுசா வெள்ளை அடிச்சிருந்தா பக்கத்து டீக்கடையில மிக்ஜாம் அப்போ தண்ணி எங்க நின்னுச்சுன்னு கேளுங்க.

அடுத்தது கூரை. உச்சி வெயில் நேரத்துல போய் உள்ள லைட்டை அணைச்சு, ஷட்டரை இறக்கச் சொல்லிட்டு மேல பாருங்க. தகர ஷீட்ல ஆணி அடிச்ச இடத்துல பொட்டுப் பொட்டா வெளிச்சம் தெரிஞ்சா அதே வழியில மழையும் வரும். அங்கயே நின்னு மோந்தும் பாருங்க. பக்கத்துல மைதா, பருப்பு மூட்டை அடுக்கியிருந்தா எலி நிச்சயம். மிளகாய், பெருங்காயம், கெமிக்கல் டிரம் இருந்தா அந்த வாடை மெத்தையில ஏறும், அப்புறம் போகவே போகாது.

வாடகை கம்மின்னு சொன்னீங்களே, மொத்தத்தையும் எழுதி வாங்குங்க. பேக்கிங், ஏத்துக்கூலி, லாரி, அங்க இறக்குக்கூலி, திரும்ப எடுக்கிறப்போ அதே கூலி மறுபடியும், நடுவுல ஒரு நாள் போய்ப் பெட்டியைத் திறக்கணும்னா அதுக்குத் தனிக்காசு, எல்லாத்துக்கும் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. குறைஞ்சது எத்தனை மாசம் வைக்கணும்னும் கேளுங்க. சதுர அடிக் கணக்கா, கன அடிக் கணக்கான்னு தெரிஞ்சுக்குங்க. 6 அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள பீரோ தரையில நாலரை சதுர அடிதான் பிடிக்கும், ஆனா கன அடியில 27 வரும். அறை உங்களோடதுன்னா மேல மேல அடுக்கலாம், காசு மிச்சம்.

வாசு தம்பி சொன்ன மாதிரி பக்கத்துலயே ரூம் கிடைச்சா நல்லதுதான். ஆனா தரைத்தளக் கடைன்னா இதே தண்ணி விசாரணையை அங்கயும் பண்ணிடுங்க. ஓட்டேரி நல்லா கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஓரம்னா வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டா கொளத்தூர் முதல் மாடிதான். அந்தத் தெருவுலயும் மழையில தண்ணி நிக்கும், இருந்தாலும் மாடிக்கு ஏறாது. அறை சின்னதா இருந்தாப் போதும். பழைய மெத்தை, பிளாஸ்டிக் சேர் இதையெல்லாம் வித்துட்டோ கொடுத்துட்டோ போங்க. அதைக் காசு கொடுத்துக் காப்பாத்த வேண்டாம்.

ராயபுரம் நசீர்

சேகர் அண்ணன் சொன்னதோட ஒரு விஷயம். சாமானை அவங்க பொறுப்புல ஒப்படைச்சா, 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 151 படி, சாதாரண புத்தியுள்ள ஒரு மனுஷன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்குவானோ அந்த அளவுக்கு அவங்க பார்த்துக்கணும். நம்ம பூட்டு, நம்ம சாவின்னா அது வெறும் இடவாடகைதான்னு அவங்க வாதாடலாம். அதனால அக்ரிமெண்ட்டை முழுசா படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.

இன்ஷூரன்ஸ் இருக்குன்னு வாயால சொன்னா போதாது. அது கட்டடத்துக்கா, உங்க சாமானுக்கா? தீ மட்டுமா, வெள்ளமும் சேர்த்தா? பாலிசியைக் காட்டச் சொல்லுங்க.

தண்டையார்பேட்டை கீதா

ரொம்ப நன்றி அண்ணா, நசீர் பாய்க்கும் நன்றி. வீட்டுக்காரரும் கொளத்தூரே போதும்னு சொல்லிட்டார். அலமாரியை பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கமா சுத்திடறோம்னு பேக்கிங் ஆளுங்க சொல்றாங்க. சரியா? ஃபிரிட்ஜுக்கும் அப்படியேவா? கேஸ் சிலிண்டரையும் அங்கயே வைக்கலாமா?

மணலி சேகர்

தேக்கை பிளாஸ்டிக்ல இறுக்கவே விடாதீங்க தங்கச்சி. பகல்ல சூடு, ராத்திரி குளிர்ச்சி, உள்ள இருக்கிற ஈரம் வெளிய போக வழியில்லாம வேர்க்கும். மூடின கண்டெய்னர்ல இதாலதான் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டா தண்ணி விழும். முதல்ல பழைய பருத்திப் புடவை ரெண்டைச் சுத்துங்க, அதுக்கு மேல முனைகளுக்கு மட்டும் அட்டை கட்டுங்க, அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். தரையில நேரா வைக்காம மரப்பலகை மேல ஏத்தி, சுவர்லேர்ந்து ஒரு சாண் தள்ளி வைங்க. உள்ள நாப்தலீன் உருண்டையைத் துணியில முடிஞ்சு போடுங்க. மரத்துல படக்கூடாது.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைச்சு, ஐஸ் உருகினதும் ரப்பர் மடிப்பு வரைக்கும் துடைச்சுடுங்க. கதவுல ஒரு துணிச்சுருளை வச்சு லேசா திறந்த மாதிரியே கட்டணும், மூடி வச்சா பூஞ்சை பிடிக்கும். வாஷிங் மெஷின் ஹோஸ்ல நிக்கிற தண்ணியை வடிச்சுடுங்க. முன்பக்கம் கதவு உள்ள மெஷின்னா, வாங்கினப்போ கொடுத்த போல்ட்டைத் தேடிப் பின்னாடி மாட்டிட்டுத்தான் லாரியில ஏத்தணும். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு மூடுங்க, நம்ம கடல் காத்துக்கு இரும்பு சும்மா இருக்காது.

சிலிண்டரை எந்த ஸ்டோரேஜும் வாங்க மாட்டாங்க, யாராவது வாங்கினா அந்த இடமே வேண்டாம். ஏஜென்சியில சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஒப்படைச்சு டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்குங்க, மாதவரத்துல அதைக் காட்டிப் புது ஏஜென்சியில எடுக்கலாம். நகை, பத்திரம், பிள்ளைகளோட சர்டிஃபிகேட் உங்க கையோடவே இருக்கட்டும்.

ஏத்துற அன்னைக்குப் பெட்டிக்கு ஒரு நம்பர் போட்டு, லிஸ்ட் ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. பேக்கிங் ஆளுங்கள்ல சிலர் எல்லாப் பொருளுக்கும் நேரா 'கீறல் உண்டு'ன்னு பொதுவா எழுதிடுவாங்க. அப்படி எழுதினா அடிச்சுட்டு, எங்க கீறல், எவ்வளவு நீளம்னு எழுத வைங்க. அலமாரியோட நாலு பக்கத்தையும் போட்டோ எடுங்க. மாமியாரையும் பக்கத்துல நிக்க வச்சு, அவங்க கண்ணு முன்னாடியே கட்டச் சொல்லுங்க. அவங்க பொருள், அவங்களுக்குத்தான் அதோட மூலை முடுக்கெல்லாம் தெரியும். ஸ்கூல் புத்தகம், குத்துவிளக்கு, ஒரு செட் பாத்திரம் இருக்கிற பெட்டியைக் கடைசியா ஏத்தினா அறையில கதவுப் பக்கம் வரும், ஆவணியில முதல்ல எடுக்கச் சுலபமா இருக்கும்.