பழைய நிரல்மொழிகளில் எழுதிய நிரல்களுக்குச் சாளரம் அமைத்தபோது நேர்ந்தவை: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கறுப்புத்திரை (திரியைத் தொடங்கியவர்)

2008இல் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த கிளிப்பர் (டாஸ் காலத்து நிரல்மொழி) பில்லிங் நிரலை, அதே மொழியை இன்றைய கணினிகளில் ஓடவைக்கும் ஹார்பரில் கம்பைல் செய்து, சாளரம் வரையும் மினிகுயி நூலகத்தைக் கொண்டு விண்டோஸ் சாளரம் அமைத்துக் கொடுத்தேன். தரவு இருக்கும் டிபிஎஃப் கோப்புகளைத் தொடவில்லை. திரையில் காட்டவும் உள்ளீடு வாங்கவும் சே, கெட், ரீட் என்ற கூற்றுகள் இருந்த இடங்களை மட்டும் பெட்டிகளாகவும் பொத்தான்களாகவும் மாற்றினேன்.

அந்த மண்டியின் கணக்குப்பிள்ளை திரையைப் பார்க்காமலேயே பில் போடுவார். இடக்கை துண்டுச்சீட்டின் மேல் இருக்கும். வலக்கை எண் விசைகளிலும் என்டரிலும் ஓடிக்கொண்டே இருக்கும். பொருள் வரிசைகள் புதிய சாளரத்திலும் சரியாகவே ஏறின. அவற்றுக்குக் கீழே தள்ளுபடி, ஏற்றுக்கூலி, வண்டி வாடகை என மூன்று பெட்டிகள் இருந்தன. பழைய திரையில் என்டர் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போகும். நான் அமைத்த சாளரத்திலோ 'சேமி' பொத்தானே இயல்புப் பொத்தானாக (என்டர் தட்டினால் தானே அழுந்துவதாக) இருந்ததால், தள்ளுபடிப் பெட்டியில் அவர் என்டர் தட்டிய உடனேயே பில் சேமிக்கப்பட்டு அச்சுக்கும் போய்விட்டது. அதற்குப் பின் அவர் தட்டிய கூலியும் வாடகையும் அடுத்த வெற்றுப் பில்லில் விழுந்து, பொருள் குறியீடு இல்லை என்று தள்ளப்பட்டன. முதல் நாளிலேயே பதினொரு பில்கள் இப்படிப் போயின. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவர் விரல்களின் வேகம் கண்ணில் பட்டதே தவிர, திரையில் நடந்தது படவில்லை.

நதிக்கணக்கு

எங்களுடையது ஃபோர்ட்ரான் 77இல் எழுதப்பட்ட வெள்ளப்பெருக்குக் கணிப்பு நிரல். அதன் உள்ளே கைவைக்க யாருக்கும் துணிவில்லாததால், பைதான் மொழியின் டிகேஇன்டர் நூலகத்தில் சாளரம் ஒன்றை அமைத்து, நிரலைத் தனி இயக்கமாக ஓடவிட்டு, அது திரைக்கு எழுதும் கணக்குப் படிகளின் எண்களைக் குழாய் (பைப்: ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் வழி) வழியாக வாங்கி முன்னேற்றப் பட்டையை நகர்த்தத் திட்டமிட்டேன். ஒரு படிக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். மொத்தம் 600 படிகள்.

ஐந்து மணி நேரமாகியும் பட்டை பூஜ்யத்திலேயே நின்றது. நிரல் உறைந்துவிட்டது என்று எண்ணி ஆய்வு மாணவர் 'நிறுத்து' பொத்தானை அழுத்தினார். உண்மையில் கணக்கு பாதி முடிந்திருந்தது. டெர்மினல் திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளிவரும் எழுத்துகள், குழாய்க்கு எழுதும்போது இடையகம் (எழுத்துகளைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் நினைவிடம்) நிறையும் வரை உள்ளேயே தேங்கிக்கிடக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஒவ்வொரு படியின் முடிவிலும் தேங்கியதை உடனே வெளியே தள்ளும் ஒரு ஃப்ளஷ் கூற்றைச் சேர்த்ததும் பட்டை நகர்ந்தது. அந்த மாணவர் மறுநாள் கையளிக்க வேண்டிய வரைபடம் மட்டும் அந்த இரவோடு போனது.

எண்பதுபத்தி

முதல் பதிவை எழுதியவரிடம் நான் மாறுபடுகிறேன். பிழை என்டர் விசையில் இல்லை. பழைய திரையைப் பெட்டிக்குப் பெட்டி பெயர்த்துவைத்ததில்தான் இருக்கிறது. பயன்படுத்துபவருக்கு ஒரு வாரமாவது பயிற்சி கொடுத்திருக்கவும் வேண்டும்.

நான் மெயின்பிரேம் பெருங்கணினிகளில் கோபோல் மொழியில் வேலை பார்த்தவன். மெயின்பிரேமின் 3270 முனையத் திரையின் 24 வரி, 80 பத்தியிலிருந்து எழுத்துகளை இடம் பார்த்துப் பிய்த்தெடுத்து ஒரு சாளரத்தில் காட்டினோம்; ஒரு நாள் யாரோ நிலுவைத் தொகையை ஒரு பத்தி இடப்புறம் நகர்த்த, முதல் இலக்கம் இல்லாத நிலுவைகளை வாடிக்கையாளர்களுக்குக் காட்டிவிட்டோம்.

ஆகவே இதில் இறங்குபவர்கள், சாளரத்தைப் பற்றி நினைக்கும் முன்பே நிரலை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். உள்ளீடு வாங்கும் அக்செப்ட், திரையில் காட்டும் டிஸ்ப்ளே கூற்றுகள் எல்லாம் ஒரு பக்கம் போகட்டும். கணக்கிடும் பகுதிகள் தனித் துணைநிரலாகி, லிங்கேஜ் செக்‌ஷன் (அழைக்கும் நிரலோடு தரவைப் பரிமாறும் பகுதி) வழியாக மட்டுமே தரவை வாங்கித் தரட்டும். பிரித்த பிறகு பழைய கறுப்புத் திரையையே அந்தத் துணைநிரலின் மேல் மறுபடி பொருத்தி, ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். அதுவே ஓடாவிட்டால் சாளரமும் ஓடாது. தொகைகளில் கூடுதல் கவனம் வேண்டும்: கோபோல் தொகைகளைச் சுருக்கி வைக்கும் காம்ப்-3 புலத்தில் அரை பைட்டுக்கு ஓர் இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறி, தசமப் புள்ளி வரையறையில் மட்டுமே உண்டு, தரவில் கிடையாது. அதை ஜாவாவுக்குக் கொடுக்கும்போது டபுளாக (தோராயமான பின்ன எண்ணாக) மாற்றாமல், தசம இலக்கங்களைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலாக வாங்குங்கள். இல்லையென்றால் பைசாக்கள் பிசகும். திரையில் ஒரு விதியைச் சரிபார்த்தாலும், துணைநிரலிலும் அதே விதியைச் சரிபாருங்கள்.

உறுப்பினர்பட்டியல்

ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், இந்திய மொழி எழுத்துகளைக் காட்டும் ஜிஸ்ட் அட்டை பொருத்திய டாஸ் கணினியில், இஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியீட்டில் இருந்தது. சாளரத்துக்கு மாற்றியபோது பெயர்களை யூனிகோடாக்கினோம். இஸ்கியில் ஓர் எழுத்துக்கோ குறிக்கோ ஒரு பைட், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு மூன்று. பெயர்ப் புலமோ 30 பைட் அகலத்திலேயே இருந்துவிட்டது.

முத்துலட்சுமி என்ற பெயருக்கு 39 பைட் வேண்டும். அந்த அம்மாள் புதிய பங்குச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, "முத்துலட்ச" என்ற இடத்தில் விரலை வைத்து, மிச்சப் பெயர் எங்கே என்று கேட்டார். சோதனையில் நான் போட்டுப் பார்த்த பெயர்கள் எல்லாம் மணி, ராணி போன்ற சிறிய பெயர்கள்.

கறுப்புத்திரை

எண்பதுபத்தி ஐயா, கோபோலில் நீங்கள் சொல்வது நடக்கக்கூடும். நான் கண்ட கிளிப்பர் நிரலில் கணக்கே வேலிட் கூற்றுக்குள்தான் (ஒரு பெட்டியை விட்டு நகரும்போது ஓடும் சரிபார்ப்பு) இருந்தது: எடையை இட்டு நகரும்போது சாக்கு எடை கழியும், விலையை இட்டு நகரும்போது தரகு சேரும். மனிதர் எந்த வரிசையில் தட்டுவார் என்பதே அந்த நிரலின் பாதித் தர்க்கம். வரிசையைக் குலைத்தவன் நான். பயிற்சி பெறாதவர் என்று அவரைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பதினைந்து ஆண்டு பயிற்சி அவர் கையில் இருந்தது.

முதல் பதிவில் எழுதாத ஒன்றும் உண்டு. அன்று மாலை கூலிக் கணக்கில் பணம் குறைந்தபோது, முதலாளி அதை அவர் சம்பளத்தில் எழுதிவிட்டார். அவரும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் நான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். செட் நேவிகேஷன் எக்ஸ்டெண்டட் என்ற ஒரே வரியில் என்டர் பழையபடி நகர்ந்தது; பணமும் அவருக்குத் திரும்பியது. ஆனால் அதற்குப் பிறகு நான் போன போதெல்லாம், அவர் ஒவ்வொரு பில்லையும் ஒரு நோட்டில் எழுதிக் கூட்டிவிட்டு, திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு விசையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.