‘ஹேப்பி’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் எது?

கேள்வி (முதுகலை மாணவி):
பாடத்திட்டத்தில் உள்ள ஷேக்ஸ்பியரின் ‘ஹேம்லெட்’ நாடகத்தைப் படித்து வருகிறேன். முதல் காட்சியில் ஹொரேஷியோ, இறந்த அரசரின் ஆவியிடம், நாட்டுக்கு வரவிருக்கும் கேட்டை முன்னரே அறிந்தால் அதைத் தவிர்க்கலாம் என்று சொல்லும் இடத்தில் ‘ஹேப்பிலி’ என்ற சொல் வருகிறது. அதற்கு ‘மகிழ்ச்சியாக’ என்று பொருள் கொண்டால் வாக்கியம் பொருந்தவில்லை. உரைக்குறிப்போ ‘ஒருவேளை’ என்று பொருள் தருகிறது. மகிழ்ச்சிக்கும் ‘ஒருவேளை’க்கும் என்ன உறவு? குதித்தலைக் குறிக்கும் ‘ஹாப்’ என்பதிலிருந்து ‘ஹேப்பி’ பிறந்தது என்று சிலர் சொல்வது சரியா?

மறுமொழி (சொல்வேர்):
உரைக்குறிப்பு சொல்வதே சரி. ‘ஹேப்பி’யின் அடிச்சொல் ‘ஹேப்’. தற்செயல், வாய்ப்பு, ஊழ் என்பன அதன் பொருள்கள். இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் நற்பேற்றைக் குறித்த சொல்லே இவ்வாறு ஆங்கிலத்துக்கு வந்தது. ‘ஸ்கை’ (வானம்), ‘எக்’ (முட்டை), ‘தே’ (அவர்கள்) முதலான அன்றாடச் சொற்களும் அவர்கள் வழியாக வந்தவைதாம். ‘லக்’ என்பது ‘லக்கி’ ஆவதைப் போல, 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘ஹேப்’ என்பதோடு ஈறு சேர்ந்து ‘ஹேப்பி’ ஆனது. எனவே தொடக்கத்தில் அது ஆகூழ் வாய்த்தவரைக் குறித்ததே தவிர, மனநிலையைக் குறிக்கவில்லை.

நிகழ்தலைக் குறிக்கும் ‘ஹேப்பன்’, ஒருவேளை எனப் பொருள்படும் ‘பெர்ஹேப்ஸ்’, விபத்தைச் சொல்லும் ‘மிஸ்ஹேப்’, பேறற்றவரைச் சுட்டும் ‘ஹேப்லெஸ்’ ஆகிய அனைத்தும் இதே குடும்பம். ஹொரேஷியோ சொல்வதும் ‘வாய்த்தால்’, ‘ஒருவேளை’ என்ற பொருளில்தான். ‘ஹாப்’ இவற்றோடு தொடர்பில்லாத, பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வேறு சொல். ஆனாலும் அந்த ஊகம் முற்றிலும் விபரீதமானதன்று. களிகூர்தலைக் குறிக்கும் ‘எக்ஸல்ட்’ என்ற சொல் துள்ளிக் குதித்தலைக் குறித்த லத்தீன் வினையிலிருந்துதான் வந்தது.

மறுமொழி (நாடக வாசகர்):
இரண்டாம் அங்கத்தில் இதைவிடச் சுவையான இடம் ஒன்று உண்டு. ஹேம்லெட் நலம் விசாரிக்கும்போது அவனுடைய பழைய நண்பன் கில்டென்ஸ்டெர்ன், தானும் தன் தோழனும் அளவுக்கு மீறி ‘ஹேப்பி’யாக இல்லாததாலேயே ‘ஹேப்பி’யாக இருப்பதாகவும், பேற்றுத் தெய்வத்தின் தொப்பி உச்சியிலுள்ள பொத்தானாகத் தாங்கள் இருவரும் இல்லை என்றும் விடை தருகிறான். ஊழின் தயவையும் மனநிறைவையும் ஒரே சொல்லில் தொட்டுக் காட்டும் விளையாட்டு அது. இன்றைய பொருளை மட்டும் அறிந்தவருக்கு அந்தத் தொப்பி எதற்கு வந்தது என்றே விளங்காது.

மறுமொழி (மாணவி):
மிக்க நன்றி. அப்படியானால் ‘ஹேப்பி’ வருவதற்கு முன் ஆங்கிலேயர் மகிழ்ச்சியை எந்தச் சொல்லால் குறித்தார்கள்? மனநிலையைக் குறிக்கும் பொருள் எப்போது முந்தியது?

மறுமொழி (சொல்வேர்):
‘கிளாட்’, ‘பிளைத்’ என்ற இரண்டும் பழைய ஆங்கிலத்திலேயே இருந்தன. அவற்றுள் ‘கிளாட்’ ஒளிர்தலையும் குறித்தது. வியப்பூட்டுவது ‘சில்லி’யின் கதை. பேறுபெற்றவர், அருள் பெற்றவர் என்ற பொருளில் தொடங்கிய அது, சூதுவாது அறியாதவர், இரங்கத்தக்கவர், வலுவற்றவர் என்று படிப்படியாக இறங்கி, 16 ஆம் நூற்றாண்டில் அறிவிலியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அதன் ஜெர்மன் உறவான ‘ஸேலிக்’ இன்னும் பழைய மேன்மையுடனேயே வழங்குகிறது.

பொருள் மாறிய நாள் என்று ஒன்றைக் குறிக்க இயலாது; இரு பொருள்களும் நெடுங்காலம் உடனிருந்தன. ‘ஹேப்பினெஸ்’ என்ற பெயர்ச்சொல் கூட 16 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நற்பேற்றையே குறித்தது. மனநிறைவு என்ற பொருள் அந்த நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாகத் தென்படுகிறது. இதில் ஆங்கிலம் தனித்து நிற்கவுமில்லை: ஜெர்மனில் ‘க்ளூக்’ என்ற ஒரே சொல் இன்றும் பேற்றையும் மகிழ்ச்சியையும் குறிக்கிறது.

மறுமொழி (நூலகப் பணியாளர்):
1611 ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் நீதிமொழிகள் 3:13, ஞானத்தைக் கண்டடைகிறவனை ‘ஹேப்பி’ என்கிறது. தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் ‘பாக்கியவான்கள்’ என்றுள்ளது. மேலே சொன்ன பொருளுக்கு இது சான்றாகுமா?

மறுமொழி (சொல்வேர்):
சான்றாகாது. இரண்டும் ஒரே எபிரேயச் சொல்லின் மொழிபெயர்ப்புகள்; ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைத் தமிழ்ப் பெயர்ப்பைக் கொண்டு நிறுவ முடியாது. ஆயினும் அக்கால ஆங்கில நூல்களை வாசிக்கும்போது, ‘ஹேப்பி’ வரும் இடங்களில் ‘பாக்கியம் பெற்ற’ என்று வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கமே. எதிர்பாராமல் நன்மையாக முடிந்த தற்செயலை இன்றும் ‘ஹேப்பி ஆக்சிடென்ட்’ என்கிறார்களே, அங்கே எஞ்சியிருப்பதும் அந்தப் பழைய பொருள்தான்.