60 அடி பேனருக்கு இல்லஸ்ட்ரேட்டர் கேன்வாஸ் பத்தல, என்ன பண்றது?

மன்னை டிசைனர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பக்கத்து விவசாயிங்க சேர்ந்து நெல் திருவிழா நடத்துறாங்க, மேடைக்குப் பின்னாடி கட்ட 60 அடி நீளம் 12 அடி உயரத்துல காவிரி டெல்டா மேப் ஒண்ணு கேட்டிருக்காங்க. முக்கொம்புல கொள்ளிடம் பிரியறதுல ஆரம்பிச்சு கல்லணை, அங்கேந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு, தென்பெரம்பூர்ல வெட்டாறு, நீடாமங்கலம் மூணாறு தலைப்புல கோரையாறு, பாமணியாறுன்னு எல்லா ஆறும் தெரியணும். எந்த ஊர்ல எந்த நெல்லு போடுறாங்கன்னு ஊர் பேரோட வரணும். ஓரத்துல மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி, பூங்கார் கதிர் எல்லாம் போட்டோவா வருது.

என்கிட்ட இருக்கற டிசைன் வரையற சாப்ட்வேர் இல்லஸ்ட்ரேட்டர் சிஎஸ்6. 60 அடின்னா 720 இன்ச், ஆனா அது 227.54 இன்ச்சுக்கு மேல ஏத்துக்கவே மாட்டேங்குது, அதாவது 19 அடிதான். விழாக்குழுவுல ஒருத்தர் 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) இருந்தாத்தான் பிரிண்ட் பளிச்சுன்னு வரும்னு அடிச்சு சொல்றார். போட்டோஷாப்ல 720 இன்ச், 300ன்னு போட்டா கம்ப்யூட்டர் அப்படியே நின்னுபோகுது. புது வெர்ஷன் வாங்கணுமா, கோரல்டிராவுக்கு மாறணுமா, இல்ல மூணு நாலு துண்டா பிரிச்சு வரையணுமா? ஆறு எல்லாம் ஒரே ஓட்டமா போற கோடு, துண்டு துண்டா வரைஞ்சா ஒட்டுற இடத்துல கோணிப்போகுமோன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை பிளெக்ஸ்:

தம்பி, எதுவும் வாங்க வேணாம். பத்துல ஒண்ணு அளவுல வரைங்க, அவ்ளோதான். 60 அடிக்கு 72 இன்ச், 12 அடிக்கு 14.4 இன்ச் ஆர்ட்போர்டு (வரையற பக்கம்). சிஎஸ்6 என்ன, அதுக்கு முன்னாடி வந்த வெர்ஷன்ல கூட தாராளமா உக்காரும். பைல் பேர்லயே "பத்துல ஒண்ணு, 1000% பிரிண்ட்"னு எழுதிடுங்க, நாங்க மிஷின்ல ரிப்புல (பைலை மிஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற சாப்ட்வேர்) ஏத்தும்போது 1000% போட்டுக்குவோம். ஆறு, எல்லைக்கோடு, எழுத்து எல்லாம் வெக்டர், அதாவது புள்ளியா இல்லாம கணக்கா வச்சிருக்கற கோடுங்கறதால பத்து மடங்கு இல்ல நூறு மடங்கு பெருசாக்கினாலும் ஓரம் கத்தி மாதிரி நிக்கும். ஒரே பைல்ல ஒரே ஓட்டமாவே வரைங்க, துண்டு போடுறது எங்க வேலை.

ஆனா ரெண்டு விஷயம் பாத்துக்கணும். ஷேடோ, க்ளோ, ப்ளர் இதெல்லாம் வெக்டர் இல்ல, உள்ளுக்குள்ள பிக்சல், அதாவது சின்னச் சின்ன கலர் கட்டம்தான். எஃபெக்ட் மெனுல டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸ்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது 72ல இருந்தா பத்து மடங்கு ஆகும்போது வெறும் 7.2 ஆயிடும், ஊர் பேருக்குப் பின்னாடி போட்ட ஷேடோ எல்லாம் கட்டம் கட்டமா தெரியும். அதை வரைய ஆரம்பிக்கும்போதே 300ன்னு வச்சுடுங்க, கடைசில மாத்தினா ஷேடோவோட தோற்றம் மாறிப்போகும். ரெண்டாவது, சில கடைல பைலை கோரல்ல திறந்து கையால இழுத்துப் பெருசாக்குவாங்க, அப்ப அவுட்லைன்ல ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட் டிக் இல்லன்னா கோடு மட்டும் பழைய தடிமன்லயே நின்னுடும், காவிரி நூல் மாதிரி ஆயிடும். அதனால ஆத்துக்கோடு எல்லாத்தையும் அவுட்லைன் ஸ்ட்ரோக் பண்ணி ஷேப்பா மாத்தி குடுத்துட்டா யாரு எதுல திறந்தாலும் கவலையில்ல.

தஞ்சை பிரஸ் அக்கா:

300 டிபிஐ கேக்கறவருக்கு கணக்கைக் காட்டிடுங்க தம்பி. 720 இன்ச்ச 300ஆல பெருக்கினா 2,16,000 பிக்சல், உயரம் 43,200. போட்டோஷாப் நீளம், உயரம் ஒவ்வொண்ணுக்கும் 3,00,000 பிக்சல் வரைக்கும் விடும், அதனால அது மறுக்கல, ஆனா சிஎம்ஒய்கேல (பிரிண்டுக்கான நாலு மை கலர்) ஒரே ஒரு லேயருக்கே 37 ஜிபி வருது, எந்த ஆபீஸ் கம்ப்யூட்டரும் படுத்துடும். 300ங்கறது கையில புடிச்சுப் பாக்கற கல்யாணப் பத்திரிகைக்கு, புத்தகத்துக்கு. மேடை பேனருக்கு எவ்ளோ தூரத்துல நின்னு பாக்கறாங்கங்கறதுதான் கணக்கு. நல்ல கண்ணுக்கு 1 மீட்டர் தூரத்துல சுமார் 87 டிபிஐ போதும், 3 மீட்டர்னா 29, 10 மீட்டர்னா 9 கூட போதும். அதுக்கு மேல குடுக்கறது கண்ணுக்கே போய் சேராது. மேடைக்கு முன்னாடி முதல் வரிசை சேரே 10 அடி தள்ளித்தான் இருக்கும்.

நீங்க 40 வைங்க. 720ஐ 40ஆல பெருக்கினா 28,800 பிக்சல், உயரம் 5,760, ஒரு லேயர் சுமார் 660 எம்பிதான். ஏன் 40ன்னா, போட்டோஷாப்போட வழக்கமான பிஎஸ்டி பைல் நீளம், உயரம் ஒவ்வொண்ணுக்கும் 30,000 பிக்சல், மொத்தம் 2 ஜிபிய தாண்டக்கூடாது, 40ல ரெண்டுக்குள்ளயும் நிக்குது. நம்ம பக்கம் எத்தனையோ ஸ்டுடியோல இன்னும் போட்டோஷாப் 7தான் ஓடுது, அதுக்கும் 30,000தான் எல்லை, அவங்களும் திறந்து பாக்கலாம். 72 வச்சீங்கன்னா 51,840 பிக்சல் ஆயிடும், பிஎஸ்டில சேவ் ஆகாது, பெரிய படத்துக்கான பிஎஸ்பில போடணும், ரிப்புக்கு டிஃப் (TIFF) படமா குடுக்கணும், டிஃப்புக்கு 4 ஜிபி எல்லை. பத்துல ஒண்ணு பைல்ல வேலை பாக்கும்போது மட்டும் 40ஐ 400ன்னு போடணும், இத நிறைய பேர் மறந்துட்டு 72 இன்ச் பைல 72லயே வச்சு அனுப்பறாங்க, அப்ப நிஜ அளவுல 7தான் வரும்.

உங்களுக்கு முழு படத்தையும் பிக்சலா மாத்தவே தேவையில்லங்கறத சொல்லிடறேன். கதிர் போட்டோ மட்டும்தானே பிக்சல். ஒரு கதிர் 6 அடி உயரம் வருதுன்னு வைங்க, 72 இன்ச், 40 டிபிஐக்கு 2,880 பிக்சல் உயரம் போதும், இப்ப இருக்கற போன் கேமராவே அதைவிட அதிகம் குடுக்கும். ஆனா வாட்ஸ்அப்ல போட்டோவா வாங்காதீங்க, டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

மன்னை டிசைனர்:

அக்கா, அண்ணே, ரொம்ப நன்றி. பத்துல ஒண்ணு பைல் ஆரம்பிச்சுட்டேன். இன்னும் ரெண்டு சந்தேகம். பிடிஎஃப்பா குடுக்கலாமா? அப்புறம் ஜனங்க மேடைக்கு கிட்ட வந்து அவங்கவங்க ஊர் எங்கன்னு தேடுவாங்க, விரல் வச்சுக் காட்டி போட்டோ எடுப்பாங்க, அப்ப கிட்டத்துல அசிங்கமா தெரியாதா?

ஆரூர் வெக்டர்:

பிடிஎஃப் தாராளமா குடுக்கலாம் தோழர், பத்துல ஒண்ணு அளவுலயே குடுங்க. முழு அளவுல குடுக்கணும்னு நினைச்சாத்தான் சிக்கல். பிடிஎஃப்ல ஒரு பக்கம் 14,400 பாயின்ட், அதாவது 200 இன்ச்சுதான் ரொம்ப காலமா எல்லை. 1.6 வெர்ஷன்ல யூசர் யூனிட்னு ஒண்ணு கொண்டுவந்து அதைத் தாண்ட வழி பண்ணாங்க, ஆனா பழைய ரிப்பு அதைக் கண்டுக்காம சின்னதா அடிச்சுத் தள்ளிடும். புது இல்லஸ்ட்ரேட்டர்ல 2020 அப்டேட்டுக்கு அப்புறம் 2270 இன்ச், கிட்டத்தட்ட 189 அடி வரைக்கும் போடலாம், ஆனா அதுவும் உள்ளுக்குள்ள பத்தால வகுத்து வச்சுக்கறதுதான், நீங்க கையால பண்றத அது தானா பண்ணுது. கோரல்டிரால 1800 இன்ச், 150 அடி. அதனால இதுக்காக சாப்ட்வேர் மாறவே வேணாங்கறதுதான் என் கருத்து, பழகின கையோட வேலை பாருங்க.

கிட்டத்துல பாக்கறது நல்ல கேள்வி. ஊர் பேரும் ஆறும் வெக்டர், அது மிஷின் அடிக்கற அளவுக்கு துல்லியமா வரும், மூக்கை ஒட்டி நின்னாலும் கெடாது. கவனிக்க வேண்டியது ஆத்தோட வளைவு. சேட்டிலைட் மேப்லேந்து எடுத்த கோட்டுல ஆயிரக்கணக்குல நோடு (கோடு வளையற புள்ளி) இருக்கும், பைல் கனமா இருக்குன்னு நோடைக் குறைக்கற சிம்ப்ளிஃபை போட்டு இழுத்து விட்டுட்டீங்கன்னா ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாது, 60 அடில பாமணியாறு ரோடு மாதிரி நேரா போகும், அந்த ஊர்க்காரன் மொத பார்வைலயே கண்டுபிடிச்சுடுவான். 1000% ஜூம்ல வச்சுப் பாருங்க, ஸ்க்ரீன்ல அதுதான் கிட்டத்தட்ட நிஜ அளவு. ஊர் பேர் எல்லாத்தையும் கர்வ் பண்ணிடுங்க, அதாவது எழுத்தை ஷேப்பா மாத்திடுங்க, பண்ணினதுக்கப்புறம் கொரடாச்சேரி, கோட்டூர், கொல்லுமாங்குடி இதையெல்லாம் ஒரு தடவை படிச்சுப் பாருங்க, கொம்பு இடம் மாறி நிக்குதான்னு. கிட்ட வந்து படிக்கற சின்ன பேர் கூட நிஜத்துல 1 இன்ச்சுக்குக் குறையாம வைங்க, நம்ம எழுத்துல சுழி அதிகம், சின்னதா போட்டா மை நிரம்பி ணு, னு எல்லாம் ஒண்ணாயிடும்.

குடந்தை பிளெக்ஸ்:

ஜாயின்ட் விஷயம் சொல்லணும் தம்பி, உங்க மேப்புக்கு அதுதான் முக்கியம். எங்ககிட்ட பெரிய ரோல் 10 அடி அகலம், ரெண்டு ஓரமும் விட்டா முழு 10 அடி கிடைக்காது. படுக்கவச்சு அடிச்சா 12 அடி உயரத்துக்கு நடுவுல 60 அடி நீளத்துக்கு ஒரு ஒட்டு வரும், அது வேணாம், வயக்காட்டுக் காத்துல நடுவுல வயிறு தள்ளும், ஒட்டும் பிரியும். நிக்கவச்சு ஏழு துண்டா அடிக்கலாம், ஒவ்வொண்ணும் சுமார் 103 இன்ச், ஒட்டறதுக்கு 1 இன்ச் மேல சேத்துக்குவோம். அந்த ஆறு ஒட்டும் எங்கெங்க வருதுன்னு உங்க பைல்லயே கைட் (பிரிண்ட்ல வராத அடையாளக் கோடு) போட்டு பாத்துடுங்க. மூணாறு தலைப்பு மேலயோ கல்லணை மேலயோ ஒட்டு வந்தா ஆறு பிரியற இடம் ஒரு நூல் விலகினாலும் கண்ணுல அடிக்கும். ஏழும் ஒரே அகலமா இருக்கணும்னு அவசியமில்ல, ஒண்ணை 98 ஆக்கி பக்கத்தை 108 ஆக்கினா ஒட்டு வெறும் வயல் பச்சைல போய் உக்காந்துடும். கைட் இருக்கற இடத்தை மட்டும் எழுதி அனுப்புங்க, ரிப்புல அதே மாதிரி வெட்டிக்கறோம்.

விழா முடிஞ்சதும் பேனர தூக்கிப் போடச் சொல்லாதீங்க, ஒரு துண்டு 12 அடிக்கு 8 அடிக்கு மேல இருக்கும், கொள்முதல் நிலையத்துல நெல்லு மூட மழைக்காலத்துல அலைவாங்க.

மன்னை டிசைனர்:

கைட் போட்டு பாத்தேன் அண்ணே, ஒரு ஒட்டு சரியா நீடாமங்கலம் மேலதான் விழுந்துச்சு, அஞ்சு இன்ச் மேற்கால தள்ளிட்டேன். கலர் எப்படி வரும்னு முன்னாடியே பாக்க முடியுமா?

குடந்தை பிளெக்ஸ்:

பாக்கலாமே. முழுசும் வேணாம், மூணாறு தலைப்பு, ரெண்டு ஊர் பேரு, கருப்பு கவுனி கதிர்ல ஒரு ஓரம், இதெல்லாம் வர்ற மாதிரி நிஜ அளவுல 2 அடிக்கு 2 அடி வெட்டி அனுப்புங்க, வேற வேலை ஓடும்போது ஓரத்துல அடிச்சு வைக்கறேன். கவுனியோட ஊதா கலந்த கருப்பு பிளெக்ஸ்ல செத்துப்போய் வரும், அத மட்டும் வெயில்ல வச்சுப் பாத்துட்டு மாத்திக்குங்க.