பிபேமுஸ் செம்மஞ்சள் பத்துமலைக்குப் பொருந்துமா?

கோம்பாக்_தூரிகை:
பத்துமலைப் பாறையை வரையக் கேட்பவர்களுக்கெல்லாம் பிரெஞ்சு ஓவியர் செஸானின் பிபேமுஸ் கல்குவாரிப் படத்தை (1897 வாக்கில் வரைந்தது, இப்போது பால்டிமோரில்) கைகாட்டுகிறோம். எனக்கு உடன்பாடில்லை. பிபேமுஸ் கல் பிறவியிலேயே காவி மஞ்சள். நம்முடையது சாம்பல் சுண்ணாம்புப் பாறை. அதே நிறங்களைப் பூசினால் மலை செங்கல் சூளையாகிவிடும்.

மண்நிறம்:
அண்ணே, எடுக்கச் சொல்வது நிறத்தை அல்ல, நிழலைக் கறுப்பில்லாமல் கட்டும் முறையை. பாறை நீட்டலுக்குக் கீழே உற்றுப் பாருங்கள்: கசிவுநீர் இறங்கிய கரும்பட்டை, ஒட்டியே இரும்புக்கறைத் துரு, நடுவில் நீலம் பாய்ந்த வெள்ளை. கோபால்ட் நீலம் 2 பங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு மண்நிறம்) 1 பங்கு, தேவைக்கு டைட்டானியம் வெள்ளை. நிழல்முகத்தில் நீலத்தைக் கூட்டுங்கள், வெயில்முகத்தில் சியன்னாவை. கறுப்பும் வெள்ளையும் மட்டும் குழைத்த சாம்பல் சிமென்ட் சுவராகத்தான் தெரியும்.

பினாங்கு_கித்தான்:
சொரசொரப்பு எங்கே? வண்ணம் பூசும் கத்தியால் தடிமனாக அப்பினால்தான் பாறை. செஸானே 1866இல் மாமா தொமினிக்கைக் கத்தியால்தானே வரைந்தார்?

கோம்பாக்_தூரிகை:
அது இளவயதுச் செஸான். 1895இல் பிபேமுஸில் குடிசை வாடகைக்கு எடுத்த காலத்தில் அவர் கையில் தூரிகை, மெல்லிய பட்டைகள். எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. தடித்த அப்பலில் மேலே தோல் கட்டும், உள்ளே ஈரம் நிற்கும், பிறகு சுருங்கும். மெதுவாகக் காயும் ஐவரி பிளாக் கறுப்பின் மேல் சீக்கிரம் காயும் அம்பர் பழுப்பைப் போட்டால் வெடிப்பு உறுதி. அடியில் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு, மேலே போகப் போக எண்ணெயின் அளவு கூட வேண்டும். சொரசொரப்புக்கு 8ஆம் எண் பன்றிமயிர்த் தட்டைத் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, கித்தானின் நெசவுமேல் லேசாக இழுத்தால் போதும்.

பினாங்கு_கித்தான்:
காய்வது பற்றிச் சொன்னது சரி. ஆனாலும் விளிம்புக்கு மட்டும் கத்தி வேண்டும், தூரிகை விளிம்பு மழுங்கிப்போகும்.

மண்நிறம்:
விளிம்புக்குச் சரி. ஆனால் நிறத்தில் விட்டுத்தர மாட்டேன். அந்தப் பிபேமுஸ் படத்தில் பின்னால் உள்ள சாந்த் விக்துவார் மலை, குவாரியிலிருந்து கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிதாக முன்னால் வந்து நிற்கிறது. அளவையே மாற்றியவரைப் பின்பற்றும்போது நிறத்தை மட்டும் ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

கோம்பாக்_தூரிகை:
அளவை மாற்றினார், கல்லின் காவியை மாற்றவில்லையே! நம் வெயிலையும் கணக்கில் எடுங்கள். நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சியில் இருப்பதால் செங்குத்துப் பாறையின் முகங்கள் தட்டையாகிவிடும். காலை பத்துக்குள் வெயில்முகம், நிழல்முகம் இரண்டையும் பிரித்துக் குறித்துவிடுங்கள். அப்போதும் சியன்னா துருக்கறை உள்ள இடத்தில் மட்டும்தான்.